தோள்பட்டை வலி (இராமநாதபுரம் கடற்கரை)

பந்துக்கிண்ண மூட்டான தோள், உடலில் மிக அதிகமாக அசையக்கூடியது. அந்தச் சுதந்திரத்துக்கு விலை உறுதிக் குறைவு. ஆழமற்ற கிண்ணத்திலிருந்து பந்து நழுவாமல் நான்கு சுழல்தசைகளின் நாண்கள்தான் பிடித்திருக்கின்றன. பாம்பன், தனுஷ்கோடிக் கரைகளில் கரைவலை இழுப்போருக்கும், இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் வாளியால் நீர் இறைத்து யாத்திரிகர் தலையில் ஊற்றுவோருக்கும் இந்த நாண்களே பாரம் தாங்குகின்றன. ஒரே அசைவு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நாண் தேயும், வீங்கும், சில சமயம் கிழியும். கையைத் தோளுக்கு மேல் தூக்கும்போதும், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும்போதும் வலிப்பது இதன் அடையாளம்.

தோள் இறுக்கம் வேறு வகை. 40 முதல் 60 வயதினரிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் மிகுதி. பிறர் தூக்கிவிட்டாலும் கை எழும்பாது. 1934இல் அமெரிக்க மருத்துவர் காட்மேன் இதை ‘உறைந்த தோள்’ என்றார். குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் ஆட்டும் பயிற்சியும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. செலவில்லாத வைத்தியம், பலரும் பாதியில் விடுவதும் இதைத்தான்.

வலிக்கும் வேலையைக் குறைப்பது, வலி மாத்திரை, இயன்முறைப் பயிற்சி என்பதே வழக்கமான வரிசை. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. பெரிய கிழிசலுக்கு நுண்துளை அறுவை. கையை மாதக்கணக்கில் தூளியில் கட்டிப்போட்டால் இறுக்கம் கூடும். விழுந்தபின் தோளின் வடிவம் மாறியிருந்தால் உருவிவிடக் கூடாது, எக்ஸ்ரே முதலில். இடது தோள் வலியுடன் வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், உடனே 108.