நாற்பது மைல் பாலையும் மாட்டு வயிற்றுத் தண்ணீரும்

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடமாக இருக்கும். கூண்டு வண்டிகள் வட்டமாக நிற்கும், நடுவில் நெருப்பு, சுற்றிலும் அம்பு மழை. நிஜத்தில் அந்தப் பாதையில் அம்பு பட்டுச் செத்தவர்களைவிட காலராவில் போனவர்கள் மிக அதிகம். காலராவுக்குத் தப்பியவர்களுக்குக் கடைசியில் பாலைவனம் காத்திருந்தது. அதற்கு அவர்கள் எப்படித் தயாரானார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறுவருடமே கூட்டம் கிளம்பிவிட்டது. மிசௌரி நதிக்கரையிலிருந்து ஏறத்தாழ 2000 மைல், நாலைந்து மாதம். நடைதான், சாமி! வண்டியில் சாமானுக்கே இடம் போதாது. குதிரையைவிட எருதுதான் பலருடைய தேர்வு. மணிக்கு இரண்டு மைல்தான் போகும், ஆனால் விலை குறைவு, மட்டமான புல்லையும் மேயும்.

என்ன எடுத்துப் போவது? லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்கிற வக்கீல் 1845-லேயே ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டிருந்தார். ஆளுக்கு மாவு 200 பவுண்டு, உப்புப் பன்றிக்கறி 150, சர்க்கரை 20, காபி 10, உப்பு 10. நம் வீட்டு மளிகை லிஸ்ட் மாதிரி கச்சிதம். அதே புத்தகத்தில் ஒரு குறுக்கு வழியையும் சொல்லிவைத்தார். எழுதும்போது அந்த வழியில் அவர் போனதே இல்லை!

1846-ல் டோனர் குழு அந்தக் குறுக்கு வழியை நம்பிப் போனது. கிரேட் சால்ட் லேக் பக்கத்து உப்புப் பாலை. அகலம் 40 மைல் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கடைசி ஊற்றருகே ஹேஸ்டிங்ஸ் விட்டுப்போன கடிதம் கிழிந்து கிடந்தது. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தால், இரண்டு பகல் இரண்டு இரவு கஷ்டப்பட்டு ஓட்டினால் தண்ணீர் வரும் என்று இருந்தது. புல் அறுத்தார்கள், பீப்பாய்களை நிரப்பினார்கள். தயாரிப்பில் ஒரு குறையும் இல்லை, தூரம்தான் பொய். உண்மையில் 80 மைல். உப்புச் சேற்றில் சக்கரம் புதைந்தது. தண்ணீர் தேடி அவிழ்த்துவிட்ட ஜேம்ஸ் ரீடின் மாடுகள் இருட்டில் தெறித்து ஓடின. கடைசியில் அவருக்கு மிஞ்சியது ஒரு எருது, ஒரு பசு. இப்படிக் குறுக்கு வழியில் இழந்த நாட்களால் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கி, 87 பேரில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். ஹேஸ்டிங்ஸ் மீது எனக்கு இன்றும் கோபம் உண்டு.

1849-ல் வந்தவர்கள் பெரும்பாலும் பழைய வழியில், ஹம்போல்ட் நதியோரமாகப் போனார்கள். அங்கே இன்னொரு வில்லங்கம். அந்த நதி கடலுக்குப் போகாமல் நெவாடா மண்ணிலேயே வற்றி மறைந்துவிடும். அங்கிருந்து கார்சன் அல்லது ட்ரக்கி நதிவரை சுமார் 40 மைலுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ட்ரக்கி வழியில் இடையே ஊற்று உண்டு, ஆனால் கொதிக்கும். ஆறவைத்துத்தான் மாட்டுக்குக் காட்ட வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. ஓர் எருது நாளைக்கு 40 லிட்டராவது குடிக்கும். வண்டிக்கு ஆறு எருது என்றால் 240 லிட்டர், அதாவது 240 கிலோ. அதையும் இழுக்க வேண்டியது அதே எருதுதான். அப்புறம் என்ன வழி? மாட்டின் வயிற்றிலேயே ஏற்றிக்கொள்வதுதான். நதி மறைவதற்கு முன்னால் ஒரு பெரிய புல்வெளி வரும். அங்கே தங்கி மாடுகளை மேயவிட்டு, குடிக்கவிட்டு, கால் ஆறவிட்டார்கள். ஆண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகூடப் புல் அறுத்துக் கட்டினார்கள். முன்கூட்டியே சமைத்தார்கள். கையில் கிடைத்த பாத்திரத்திலெல்லாம் தண்ணீர். (அந்தப் புல்லின் விதைகள் அங்கே வாழ்ந்த பையூட் மக்களுக்கு உணவு. வழிகாட்டிப் புத்தகங்களுக்கு அது கவலையில்லை.)

புல் ஏற்ற இடம் வேண்டுமே? சென்னை, புனே, குர்காவ் என்று மாற்றலாகித் திரியும் நம் வீடுகளில் நடக்கும் அதே சண்டைதான். அம்மிக்கல்லைக் கொண்டுபோவதா, விடுவதா? இரும்பு அடுப்பு, கட்டில், பெட்டி, புத்தகம் என்று வழிநெடுக இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் விட மனமில்லாமல் அத்தனை தூரம் சுமந்தவை.

பிற்பகல் தாண்டிக் கிளம்பி, இரவெல்லாம் நடந்தார்கள். கார்சன் பக்கம் கடைசிப் பத்து மைல் புதைமணல். அங்கேதான் மாடுகள் விழுந்தன. 1850-ல் எடுத்ததாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று: செத்த மாடுகள் 3750, குதிரைகள் ஏறக்குறைய 5000, கோவேறு கழுதைகள் 1061, மனிதர்களின் கல்லறைகள் 953. இந்த நாற்பது மைலுக்கு மட்டும்.

விவரமானவர்கள் மணலில் மாடு தள்ளாட ஆரம்பித்ததுமே நுகத்தை அவிழ்த்து, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, மாடுகளை மட்டும் நதிக்கு ஓட்டினார்கள். ஓரிரு நாள் மேயவிட்டு, தண்ணீரும் புல்லும் எடுத்துக்கொண்டு வண்டிக்காகத் திரும்பிப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். கார்சன் கரையில் வந்து சேர்ந்தவர்கள் அழுக்குத் துணியைத் துவைத்துப் புதர்களில் காயப்போட்டார்கள். அந்த இடத்துக்கு ராக்டவுன், அதாவது கந்தல் ஊர் என்றே பெயர் வந்துவிட்டது.