கல்லை மடித்த கதை

பள்ளிக்கூடத்தில் "மடிப்பு மலைகள்" என்று ஒரு ரெண்டு மார்க் கேள்வி வருமே, ஞாபகம் இருக்கிறதா? பக்கவாட்டு அழுத்தத்தால் படிவுப் பாறைகள் மடிந்து உண்டாகும் மலை, உதாரணம் இமயமலை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். கல் எப்படி ஐயா மடியும் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. கேட்ட சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பி.காம் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் கணக்கு வரும் :-)

முதலில் ஸ்காட்லாந்துக்குப் போவோம். சர் ஜேம்ஸ் ஹால் (1761-1832) என்று ஒரு பணக்காரர், நிலக்கிழார். 1788-ல் ஜேம்ஸ் ஹட்டன், ஜான் பிளேஃபேர் என்ற இரண்டு நண்பர்களோடு படகில் கடலோரமாகப் போய் சிக்கார் முனையைப் பார்த்தார். நிலவியல் வரலாற்றில் ரொம்பப் பிரபலமான படகுப் பயணம் அது. அங்கே செங்குத்தாக நிற்கும் பழைய பாறை அடுக்குகளின் மேல், லேசான சாய்வோடு செந்நிற மணற்கல் படிந்திருக்கிறது. அந்தக் கரையோரப் பாறைச் சுவர்களில் வேறு சில இடங்களில் அடுக்குகள் பாம்பு மாதிரி மேலும் கீழும் நெளிந்து போகின்றன. கடலடியில் சேறும் மணலும் படியும்போது தட்டையாகத்தான் படியும், இதை ஸ்டீனோ 1669-லேயே சொல்லிவிட்டார். அப்படியானால் பிறகு யாரோ வளைத்திருக்க வேண்டும். யார், எப்படி?

ஹால் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் இருந்த துணிகளை எடுத்து மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒவ்வொரு துணியும் ஒரு பாறை அடுக்கு. கீல் கழன்று கிடந்த ஒரு கதவை மேலே போட்டு அதன்மேல் எடைகளை வைத்தார். இரண்டு பக்கமும் பலகை வைத்து உள்நோக்கித் தள்ளினார். பாரம் ஏற்றிய கதவு மெதுவாக மேலே எழும்ப, உள்ளே துணிகள் கடற்கரையில் பார்த்த அதே நெளிவாக மடிந்தன! பிறகு துணிக்குப் பதில் களிமண் அடுக்குகளை வைத்து ஒரு கருவியே செய்தார். 1812-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியில் இதை வாசித்தார், 1815-ல் அச்சானது. தள்ளியது யார் என்பதில் மட்டும் அவருடைய பதில் நிற்கவில்லை. கீழேயிருந்து உருகி வந்த கருங்கல் குழம்பு பக்கவாட்டில் தள்ளியது என்று நினைத்தார்.

"துணியும் களிமண்ணும் மடியும் சார், கல் மடியுமா?" நியாயமான கேள்வி. சுத்தியலால் அடித்தால் கல் உடையும். ஆனால் பல கிலோமீட்டர் ஆழத்தில் நாலா பக்கமும் அழுத்தம், கூடவே சூடு. விரிசல் விட்டுப் பிளக்க இடமே கிடையாது. தள்ளும் வேகமோ வருடத்துக்குச் சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர்தான். 1911-ல் தியடோர் ஃபான் கார்மன் (பின்னால் விமானவியலில் பெரும் பெயர் வாங்கினாரே, அவரேதான்) சலவைக்கல்லைச் சுற்றிலும் பலமாக அழுத்திக்கொண்டே நசுக்கிக் காட்டினார். கல் நொறுங்காமல் குறுகிப் பருத்தது. அடுக்காக இருப்பதும் ஒரு வசதிதான். தடிமனான டெலிபோன் டைரக்டரியை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் வளைகிறது. அதே தடிமனில் ஒரே அட்டை என்றால் வளையாது. பாறையிலும் மணற்கல் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் மென்மையான களிப்பாறை அந்த வழுக்கலுக்கு இடம் தருகிறது.

அடுத்தது சுவிட்சர்லாந்து, கிளாரஸ் மலைகள். இங்கே மலை உச்சியில் 25 முதல் 30 கோடி வருடப் பாறை, அதற்குக் கீழே 3.5 முதல் 5 கோடி வருடப் பாறை. பேரேட்டில் இந்த வருடக் கணக்குக்கு மேல் தாத்தா காலத்துக் கணக்கை எழுதி வைத்த மாதிரி! நடுவே ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு, மைல் கணக்கில் ஓடுகிறது. அர்னால்ட் எஷர் என்ற நிலவியலாளர், வடக்கிலிருந்து ஒன்றும் தெற்கிலிருந்து ஒன்றுமாக இரண்டு ராட்சத மடிப்புகள் எதிரெதிரே கவிழ்ந்திருக்கின்றன என்று விளக்கம் கண்டார். யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயத்தில் வெளியிடத் தயங்கினார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஹைம் அதை வளர்த்து 1878-ல் பெரிய புத்தகமாகவே போட்டுவிட்டார்.

1884-ல் மார்செல் பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக்காரர், அந்த மலைக்கே போகாமல், ஹைம் எழுதிய விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு மடிப்பு வேண்டாம், தெற்கிலிருந்து ஒரே ஒரு பாறைப் பாளம் வழுக்கி மேலே ஏறியது என்றால் போதும் என்றார். மலை மலையாக ஏறி இறங்கி வரைந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! ஹைம் உடனே ஏற்கவில்லை. ஆனால் 1900களின் தொடக்கத்தில், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தன் இரட்டை மடிப்பைக் கைவிட்டு பெர்த்ரான் சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது இதனால்தான். 2008-ல் யுனெஸ்கோ அந்த மலைப்பகுதியை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

தள்ளியது யார் என்ற பாக்கிக்கு வருவோம். ஹைம் காலத்தில், சூடு ஆறும் பூமி வாடிய ஆப்பிள் போலச் சுருங்குகிறது, தோல்தான் மலையாக மடிகிறது என்றார்கள். பாறைப் பாளங்கள் பல பத்து கிலோமீட்டர் நகர்ந்திருப்பது தெரியவந்ததும் அவ்வளவு சுருக்கத்துக்கு ஆப்பிள் கணக்கு போதவில்லை. கதிரியக்கம் பூமிக்குள் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது என்பது வேறு தெரிந்தது. 1960களில் தட்டு நகர்வுக் கொள்கை வந்த பிறகுதான், ஆப்பிரிக்கப் பக்கம் ஐரோப்பாவை நெருக்கியதில் ஆல்ப்ஸ் எழுந்தது என்ற பதில் நிலைத்தது.

சொன்ன மாதிரி கணக்கு இதோ. மடிந்த அடுக்கைக் காகிதத்தில் நிமிர்த்தி அளந்தால் அதன் பழைய நீளம் கிடைக்கும். இப்போதைய அகலத்தைக் கழித்தால் பூமி எவ்வளவு குறுகியது என்று தெரியும். 1969-ல் டால்ஸ்ட்ரோம் என்பவர், கனடாவின் ராக்கி மலைகளில் வேலை பார்த்த அனுபவத்தில், இதை ஒரு விதியாக எழுதினார். நிமிர்த்தும்போது மேல் அடுக்கின் நீளமும் கீழ் அடுக்கின் நீளமும் டேலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் நடுவே எங்கோ ஒரு பிளவோ வழுக்கலோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது படமே தப்பு. இந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் "பேலன்ஸ்டு கிராஸ் செக்‌ஷன்". மேல் வளைவுகளில் எண்ணெய் தங்கும் என்பதால், துளை போடும் முன் எண்ணெய் கம்பெனிக்காரர்கள் இந்த டிரயல் பேலன்ஸைப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள்.