பட்டர்வொர்த்திலிருந்து தனியே போன விமானம்

பெர்ரி ஏறி அக்கரைக்குப் போகிறோமே, அந்தப் பட்டர்வொர்த்தில் ஒரு விமானத் தளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். "ஜப்பான்காரன் காலம்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்களே, அது தொடங்கிய மறுநாள் அங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும், சயாம் நாட்டின் சிங்கோராவிலும் இறங்கியது. சிங்கோரா விமானத் தளத்தைத் தாக்கும்படி மறுநாள் பட்டர்வொர்த்துக்கு உத்தரவு வந்தது. அங்கிருந்தவை பிளென்ஹைம் என்ற இரட்டை எஞ்சின் விமானங்கள். மூன்றே பேர் போகக்கூடிய சின்ன குண்டுவீச்சு விமானம் அது. முதலில் மேலே கிளம்பியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப், வயது 28. அவர் கிளம்பிய சில வினாடிகளில் ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. தரையில் நின்ற விமானங்களில் ஒன்றுகூடப் பறக்க லாயக்கில்லாமல் போயிற்று.

மேலே வட்டமடித்தபடி இதையெல்லாம் பார்த்தார் ஸ்கார்ஃப். திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே விமானத்தால் பெரிய சேதம் செய்ய முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் போனார், குண்டைப் போட்டார். எதிரியின் சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டு சுட்டன. இடக் கை சிதைந்தது, முதுகிலும் காயம்.

தப்ப ஒரே வழிதான் இருந்தது. மரங்களின் தலையை உரசுகிற மாதிரித் தாழப் பறந்தார். தரையோடு ஒட்டிப் போகிற விமானத்தைக் கீழிருந்து தாக்க முடியாது; மேலிருந்து பாய்கிறவனுக்கும் தரையில் மோதிவிடுவோமோ என்ற பயம் உண்டு. ஆனால் தாழப் பறப்பவனுக்கும் அதே ஆபத்துத்தான். விமானிக்கு உயரம் என்பது கையிருப்புப் பணம் மாதிரி. வேகம் குறைந்து இறக்கையின் தூக்குவிசை போய்விட்டால், கொஞ்சம் கீழே இறங்கித்தான் வேகத்தைத் திரும்பப் பெற வேண்டும். இறங்க இடமில்லை என்றால் கதை முடிந்தது.

யுத்தம் இல்லாத நாளிலும் இதே கதைதான். 1976 ஜூன் 6-ல் கோத்தா கினபாலுவில் இறங்க வந்த சிறிய நோமட் விமானம் விழுந்து, சபா முதலமைச்சர் துன் ஃபுவாட் ஸ்டீபன்ஸ் உள்பட 11 பேர் இறந்தார்கள். விமானத்தின் பின்பக்கத்தில் பாரம் மிகுந்துவிட்டது என்று 2023-ல் வெளியிடப்பட்ட அறிக்கைகள் சொல்கின்றன. நிலை தடுமாறியபோது, சரிசெய்ய அதற்கு உயரம் போதவில்லை.

ஸ்கார்ஃப் கதைக்கு வருவோம். தோழர் ஒருவர் அவரை இருக்கையில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, எல்லையைத் தாண்டிக் கெடாவுக்குள் வந்துவிட்டார். பட்டர்வொர்த் வரை தாங்காது என்று தெரிந்ததும், அலோர் ஸ்டாரில் மருத்துவமனைக்குப் பக்கத்து நெல்வயலில் விமானத்தை வயிறு தரையில் உரச இறக்கினார். கூட வந்த இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை! அந்த மருத்துவமனையில்தான் அவர் மனைவி தாதியாக இருந்தார். ஸ்கார்ஃப் அன்றைக்கே இறந்துபோனார்.

மலாயா விழுந்தபோது படையின் பதிவேடுகள் பலவும் போய்விட்டதால், விக்டோரியா கிராஸ் விருது 1946-ல்தான் அறிவிக்கப்பட்டது. அவர் மனைவி அதைப் பெற்றுக்கொண்டார். தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு நம் பிள்ளைகள் சுற்றுலா போகிறார்களே, அதன் அருகில் மலைக்குப் போகும் சாலையோரத்தில் யுத்த வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஸ்கார்ஃபின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.