கடலைப் பிடித்துவைத்த ‘டேங்க்’

சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மேற்குக் கோடியில் ஒரு பாறைமுனை இருக்கிறது. அதற்கப்பால் பசிபிக் பெருங்கடல்தான். ‘லேண்ட்ஸ் எண்ட்’, நிலம் முடியுமிடம் என்றே அந்த வட்டாரத்துக்குப் பெயர். சரிவில் இறங்கிப் போனால் கடலோரத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளம் மட்டும் கிடப்பதைப் பார்க்கலாம். கான்கிரீட் சுவர்கள் இடுப்பளவுக்குத் தேய்ந்து நிற்கின்றன. படிகள் பாதியில் அறுந்துபோயிருக்கின்றன. சுவர்களுக்கு நடுவே பச்சை படிந்த நீர் தேங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய உள்ளரங்கக் குளியல் நிலையம் எனப் பேர் வாங்கிய ‘சூட்ரோ பாத்ஸ்’ அதுதான். 1896 மார்ச் 14 அன்று அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அங்கே ஏழு நீச்சல் குளங்கள் இருந்தன. இன்று அவற்றைப் ‘பூல்’ என்று சொல்லியிருப்பார்கள். அன்று அவற்றின் பெயர் ‘டேங்க்’.

மொட்டைமாடியில் நீர் வழியும்போது “டேங்க் நிரம்பிடுச்சு, மோட்டாரை நிறுத்து” என்று குரல் கொடுக்கும் நமக்கு இது விசித்திரமாகப் படலாம். சிமெண்டிலோ பிளாஸ்டிக்கிலோ செய்து மூடிபோட்ட தொட்டிதான் நமக்கு டேங்க். ஆனால் நம் பொதுப்பணித் துறையின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால் அந்தச் சொல் வேறொன்றைக் குறிப்பது தெரியும். ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று ஊருக்கு ஊர் நாம் வகைபிரித்துச் சொன்னதையெல்லாம் ஆங்கிலேய அதிகாரி ஒரே சொல்லில் ‘டேங்க்’ என்று எழுதி முடித்தார். ஒவ்வோர் ஏரியின் கரை நீளம், மதகு, கலிங்கு, பாசனப் பரப்பு ஆகியவற்றைக் குறித்துவைத்த ஏட்டுக்குப் பெயர் ‘டேங்க் மெமாயர்’. சென்னையில் ‘லாங் டேங்க்’ என்ற நெடிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். ஏரி போய்விட்டது. நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் பெயரளவில் அதன் கரையைக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்தச் சொல் எங்கே பிறந்தது? 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை எழுதியவர். ஏரிகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர். அந்த அகராதி இந்தச் சொல்லுக்கு இரண்டு ஊற்றுகளைக் காட்டுகிறது. ஒன்று இந்திய ஊற்று: குஜராத்தியிலும் மராத்தியிலும் ‘டாங்கே’, ‘டாங்க்கு’ என்பதுபோல் வழங்கும் சொல், நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிப்பது. ராஜஸ்தானத்துப் பாலையில் மழைநீரைச் சேர்த்துவைக்கும் நிலவறைக்கு இன்றும் ‘டாங்கா’ என்றுதான் பெயர். நாம் ‘தடாகம்’ என்று எடுத்துக்கொண்ட வடசொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்போரும் உண்டு. மற்றொன்று போர்த்துகீசிய ஊற்று: ஓடும் நீரைத் தடுத்து நிறுத்துவது என்ற பொருள்கொண்ட வினையிலிருந்து வந்த ‘தாங்க்கெ’. இரண்டும் மேற்குக் கடற்கரையில் சந்தித்து, ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு ஆங்கிலத்துக்குள் போயிருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலப் பயணிகள் இதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் எழுதியது இந்தியக் குளங்களைப் பற்றி.

நம் ‘தாங்கல்’ என்ற சொல்லின் ஒலி இதற்கு அருகில் இருப்பது உண்மை. பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களில் அது வாழ்கிறது. அதற்காகத் ‘தாங்கல்தான் டேங்க் ஆயிற்று’ என்று துள்ளிவிடக் கூடாது. ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகாது. ஆனால் ஈழத்தமிழர் எதிர்த்திசையில் ஓர் அழகான வேலை செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த டேங்க்கை அவர்கள் ‘தாங்கி’ ஆக்கிக்கொண்டார்கள். ‘நீர்த்தாங்கி’ என்று சொல்லும்போது நீரைத் தாங்குவது என்ற பொருளும் கிடைத்துவிடுகிறது. அந்நியச் சொல்லைக் கடன் வாங்கினோம் என்ற நினைப்பே எழாத அளவுக்கு அது பொருந்திவிட்டது.

இனி அந்தக் குளியல் நிலையத்தைக் கட்டிய சூட்ரோவிடம் போவோம். அடால்ஃப் சூட்ரோ 1830இல் பிரஷ்யாவின் ஆகன் நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு நீர் வடியவும் காற்று போகவும் ஒரு நீண்ட சுரங்கவழி தோண்டிப் பணம் சேர்த்தவர். 1895 முதல் 1897 வரை சான் பிரான்சிஸ்கோவின் மேயர். மலையைக் குடைந்து நீரை வெளியேற்றத் தெரிந்தவர், இங்கே பாறையைக் குடைந்து கடலை உள்ளே கொண்டுவந்தார்.

அந்த ஏற்பாட்டைக் கிட்ட நின்று பார்த்தால் நம் ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். பாறையில் வெட்டிய ஒரு பள்ளத்தில் அலை ஏறி விழும். விழுந்த நீர் திரும்பிப் போகாமல் வாய்க்கால் வழியாக இன்னொரு தேக்கத்துக்குப் போகும்; அங்கே மணல் படியும். தெளிந்த நீரில் ஒரு பகுதியைக் கொதிகலன்கள் சூடாக்க, அது வெவ்வேறு டேங்க்குகளுக்குப் பிரிந்து ஓடும். கடல் பொங்கும் வேளையில் சுமார் 17 லட்சம் காலன் நீர் ஒரே மணி நேரத்தில் நிரம்பிவிடும். கடல் வற்றியிருந்தால், குகைக்குள் வைத்த பம்பு நிமிடத்துக்கு 6,000 காலன் வீதம் இறைக்கும். ஏழில் ஒன்று மட்டும் நன்னீர்; மற்றவை உப்புநீர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில். இவற்றில் மிகப் பெரியது தமிழ் ‘ட’ எழுத்துப் போல மடங்கிக் கிடந்தது. அதற்கு மட்டும் சூடாக்காத கடல்நீர். கலிஃபோர்னியக் கடலின் குளிர் தெரிந்தவர்களுக்குத்தான் அதில் குதிப்பதன் வீரம் புரியும்.

மேலே இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த கூரை. கண்ணாடி மட்டுமே ஒரு லட்சம் சதுர அடி. 517 உடை மாற்றும் அறைகள், வாடகைக்குக் கொடுக்க 20,000 நீச்சலுடைகள், 40,000 துண்டுகள். சும்மா சுற்றிப்பார்க்க 10 சென்ட், இறங்கிக் குளிக்க 25 சென்ட். நகரத்திலிருந்து இங்கு வர ரயில் கம்பெனி இரட்டைக் கட்டணம் வாங்குகிறது என்று சினந்து, 5 சென்ட் கட்டணத்தில் தானே ஒரு தடத்தை இயக்கினார் சூட்ரோ. உழைக்கும் மக்கள் வந்து குளிக்க வேண்டும் என்பது அவருடைய உண்மையான ஆசை.

ஆனால் எல்லா மக்களும் இறங்க முடியவில்லை. 1897 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். ஜான் ஹாரிஸ் என்ற கறுப்பின இளைஞர் கட்டணம் கட்டி உள்ளே போனார். நீருக்குள் இறங்க விடவில்லை. வேடிக்கை பார்க்கலாம், குளிக்கக் கூடாது. அவர் வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டுதான் கலிஃபோர்னியாவில் நிறைவேறியிருந்த குடிமை உரிமைச் சட்டம் அவர் பக்கம் நின்றது. 100 டாலர் இழப்பீடு கிடைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகப் போய்ப் பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அந்தக் குளத்தையும் ஆங்கிலத்தில் ‘சவதார் டேங்க்’ என்றே எழுதுகிறார்கள். இரண்டு இடத்திலும் தடுக்கப்பட்டது ஒன்றுதான்: எல்லோர் பெயரிலும் தேக்கிய நீரில் ஒரு சிலரின் கைபடுவது.

சொல் அதற்குள் வேறு பக்கங்களிலும் ஓடிவிட்டது. 1915இல் இங்கிலாந்து ஒரு கவச வண்டியை ரகசியமாகத் தயாரித்தபோது, பார்ப்பவர்கள் தண்ணீர்த்தொட்டி என்று நினைக்கட்டும் என்று அதற்கு ‘டேங்க்’ என்று பெயரிட்டார்கள். 1916 செப்டம்பர் 15 அன்று அது போர்க்களத்துக்கு வந்தது. நம் பத்திரிகைகளில் அது ‘டாங்கி’ ஆனது. அமெரிக்காவிலோ, நீச்சல் டேங்க்கில் உடுத்தும் ஒற்றை உடுப்புக்கு 1920களில் ‘டேங்க் சூட்’ என்று பெயர் வந்தது. அதன் மேல்பாதியைப் போலக் கையில்லாமல் தைத்த சட்டை பின்னால் ‘டேங்க் டாப்’ ஆயிற்று. இன்று துணிக்கடையில் அந்தச் சட்டையைப் புரட்டிப் பார்க்கும் கல்லூரி மாணவி, ஒரு குளத்தின் பெயரைக் கையில் வைத்திருக்கிறாள்.

இந்த இடத்தில் குளிப்பது என்ற சொல்லையும் சற்றுத் தொட வேண்டும். ஆங்கில ‘பாத்’ சூட்டிலிருந்து பிறந்தது. வெதுவெதுப்பாக்குவது என்பது அதன் வேர்ப்பொருள். நம் ‘குளி’யோ குளிரோடு உறவுள்ளது என்பார்கள் தமிழறிஞர்கள். அவரவர் ஊரின் வெயிலும் பனியும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. குளித்தலுக்கு மூழ்குதல் என்றும் பொருள் உண்டு. தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் உடம்பு கழுவப் போனவர்கள் அல்லர். கலிஃபோர்னியக் கரையிலும் இதே வழக்கைக் காணலாம். பாய்ந்து மூழ்குவதைக் குறிக்கும் ‘பிளஞ்ச்’ என்ற சொல்லைக் கடலோரக் குளியல் மண்டபத்துக்கே பெயராக்கிவிட்டார்கள்.

சூட்ரோ 1898இல் இறந்தார். அத்தனை பெரிய கட்டடத்தைக் கட்டி மேய்ப்பது அவருடைய வாரிசுகளுக்குப் பெரும் பாரமாயிற்று. 1930களில் டேங்க்குகளில் ஒரு பகுதியை மூடிப் பனிச்சறுக்கு அரங்கம் ஆக்கிப் பார்த்தார்கள். 1960களில் இடம் கைமாறி, இடிக்கும் பணியும் தொடங்கியது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 1966 ஜூன் 26 அன்று தீப்பிடித்து மிச்சமும் எரிந்துபோனது. இன்று தேசியப் பூங்கா அமைப்பின் பொறுப்பில் இருக்கும் அந்த இடத்துக்கு யாரும் போகலாம், கட்டணம் கிடையாது. பக்கத்துப் பாறைக்குள் ஒரு குகைவழி போகிறது. உள்ளே நின்றால் அலை மோதும் ஒலி காலடியில் அதிர்கிறது.

சுவர்களுக்கு நடுவே கிடக்கும் நீர் இப்போது உப்புநீர் அல்ல. மழையும் சரிவிலிருந்து கசியும் ஊற்றும் அதை நிரப்புகின்றன. ஓரத்தில் கோரை முளைத்திருக்கிறது, வாத்துகள் மிதக்கின்றன. 2012இன் பிற்பகுதியில் ஒரு நீர்நாய் எங்கிருந்தோ வந்து இந்த நீரில் குடியேறியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்த நகரத்தில் நீர்நாயைக் கண்டவர் இல்லை. ஜனங்கள் ‘சூட்ரோ சாம்’ என்று பேர் வைத்து, சரிவில் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அது இடிந்த சுவரேறி உட்கார்ந்து, பிடித்த மீனைத் தின்றுவிட்டு மறுபடியும் குளத்துக்குள் மூழ்கியது.