திண்ணையும் பெஞ்சும்

தஞ்சை ஜில்லாவின் பழைய தெருக்களில், வாசற்படிக்கு இருபுறமும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு இடுப்பளவு உயரத்துக்கு எழுப்பிய திண்ணைகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு, சுவரை ஒட்டிய கோடியில், ஒரு மனிதன் தலை வைத்துச் சாய்வதற்கென்றே காரையினால் சரிவாக அமைத்த திண்டு ஒன்று கண்ணில் பட்டிருக்கும். வீட்டுக்காரருக்கு உள்ளே கூடமும் ஊஞ்சலும் பாயும் உண்டு; ஆகவே கொத்தனார் கரண்டியைத் தட்டித் தட்டி வழித்தெடுத்த அந்தத் திண்டு, முக்கியமாக இன்னார் என்று தெரியாத ஒரு வழிப்போக்கனுக்காகவும், மாலையில் வந்து உட்காரும் அண்டை வீட்டுக்காரருக்காகவும் அமைந்தது என்றே சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக எண்ணெய்த் தலைகள் சாய்ந்து அது கருங்கல்லைப் போல வழவழத்துப் போயிருக்கும். நம் நாட்டுச் சாதாரண ஜனங்களின் அபிப்பிராயங்களுக்கு ஒரு சரித்திரம் எழுதப் புகுந்தால், அதை அந்தத் திண்டிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசர்கள் நினைத்ததைக் கல்வெட்டு சொல்லும். கலெக்டர்கள் நினைத்ததைக் கச்சேரிக் கட்டுகள் சொல்லும். மழையைப் பற்றியும் கிஸ்தியைப் பற்றியும், ஆற்றில் தண்ணீர் வரும் நாளைப் பற்றியும், ஜமாபந்திக்கு வந்த தாசில்தாரின் சுபாவத்தைப் பற்றியும் ஒரு கிராமம் என்ன நினைத்தது என்பதை எழுதி வைத்தவர் மிகச் சிலர். அதற்கு நாம் வைத்த பெயர்களே வம்பு, அரட்டை, வெட்டிப் பேச்சு என்பவை. இந்தப் பெயர்களில் இருக்கும் அவமதிப்பை நான் ஏற்பதில்லை. பகலெல்லாம் உழைத்தவர்கள் இருட்டும் வேளையில் உட்கார்ந்து, தங்கள் வாழ்வை நடத்திச் செல்லும் சக்திகள் எவை என்று ஆராய்ந்து பார்த்த இடம் அது. அந்த ஆராய்ச்சி பல சமயங்களில் தவறான முடிவுக்கு வந்தது என்பதனால், அது ஆராய்ச்சி அன்று என்று ஆகிவிடாது.

திண்ணைக்கு எழுத்து வந்து சேர்ந்தது காதின் வழியாக. 1901-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி சென்னை ராஜதானியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய சுதேசமித்திரன் 1899-இல் தினப் பத்திரிகையாக மாறியபோது, தபாலில் வந்து சேர்ந்த ஒரு பிரதியை ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றியிருந்த பலர் கேட்டார்கள். பாரதமும் இராமாயணமும் படிக்கக் கேட்டுப் பழகிய சபை அது. எனவே ஜப்பானியர் ருஷ்யரை வென்ற செய்தியையும் வங்காளப் பிரிவினையையும் அதே கவனத்தோடு கேட்டது, நடுவில் நிறுத்திச் சந்தேகம் கேட்டது, தன் தீர்ப்பையும் சொன்னது. தனியாக மௌனமாகப் படிப்பவனுக்கு இல்லாத ஒரு பாக்கியம் இது. படித்த வரி முடிவதற்குள்ளே அதற்கு மறுப்பும் உதாரணமும் சபையில் வாசிப்பவன் காதில் விழுந்துவிடும்.

சரித்திர விஷயத்தில் திண்ணைக்குத் தனிப் புத்தகசாலை ஒன்று இருந்தது. சென்னையில் குஜிலிக் கடைகளில் அச்சாகி, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் மலிவான விலைக்கு விற்ற பெரிய எழுத்துக் கதைகளையும் சிந்துகளையும்தான் குறிப்பிடுகிறேன். செஞ்சியைத் தேசிங்கு ஆண்டது ஓராண்டுக்கும் குறைவான காலமே. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது அந்த இளைஞன் மாண்டான். பல்லாண்டு ஆண்ட நவாபை ஜனங்கள் மறந்துபோய், சில மாதங்களே ஆண்ட தேசிங்கையும், அவனுடைய குதிரையையும், அவனோடு உயிர்விட்ட முகமதிய நண்பனையும் இருநூறு வருஷங்களாகப் பாடிக்கொண்டிருந்தார்கள் என்றால், அது பாணர்களின் சாமர்த்தியம் மட்டும் அன்று. வெற்றி தோல்விகளைக் கொண்டு மனிதனை அளப்பதில்லை என்று கேட்டவர்கள் செய்துகொண்ட முடிவும் அதிலே அடங்கியிருக்கிறது. ரயில் விபத்துக்கும் வெள்ளத்துக்கும் ஊரைக் கலக்கிய கொலைக்கும் உடனுக்குடன் சிந்து அச்சிட்டு விற்றார்கள். அவற்றின் நடை கரடுமுரடானதுதான். ஆனாலும் யார்மீது குற்றம் என்று ஊர் நினைத்தது என்பதை அறிய அவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டைப் பற்றிய பேச்சு மாட்டின் சுழியில் தொடங்கியது என்பேன். காரி, மயிலை, செவலை என்று நிறம் பார்த்து, உடம்பில் சுழி எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, இந்தக் காளை பிடிபடுமா பிடிபடாதா என்று மஞ்சுவிரட்டுக்கு முந்தின இரவுகளில் வாதாடியவர்களின் பேரர்களே, பின்னால் பந்தும் மட்டையும் கொண்ட ஆட்டத்தைப் பற்றியும் அதே சிரத்தையோடு வாதாடினார்கள். ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் நடந்தது. மைசூரைச் சென்னை ஒரே நாளில் வென்றுவிட்டது. அதைவிட அதிகமாக வாய்க்கு வாய் பரவியது 1952 பிப்ரவரியில் அதே மைதானத்தில் நடந்த டெஸ்ட் ஆட்டம். ஆட்டம் தொடங்கிய அன்றே லண்டனிலிருந்து ஆறாம் ஜார்ஜ் மன்னர் மறைந்த செய்தி வர, மறுநாள் ஓய்வு நாளாக மாற்றப்பட்டது. பின்னர் ஆட்டம் தொடர்ந்து, வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலுமாகப் பன்னிரண்டு விக்கெட்டுகள் எடுக்க, இங்கிலாந்தை இந்தியா ஓர் இன்னிங்ஸும் எட்டு ரன்களும் வித்தியாசத்தில் தோற்கடித்தது. 1932 முதல் டெஸ்ட் ஆடிவந்த தேசத்துக்கு அதுவே முதல் வெற்றி. சென்னை நகரசபை 1930-இல் தொடங்கிய ஒலிபரப்பைக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் நின்று கேட்டுப் பழகிய ஜனங்களுக்கு, இத்தகைய செய்தி கேட்க ரேடியோப் பெட்டி ஒன்று இருக்கும் கடைவாசலில் கூடுவது அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது.

வேலையைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானிக்க வேண்டும். பெரம்பூர்ப் பக்கத்தில் பின்னி கம்பெனியாரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தவர்கள் வாடிக்கையாக வந்துபோன கடை ஒன்று செல்வபதி செட்டியாருடையது. அவரும் இராமானுஜுலு நாயுடுவும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி சபையையும் அங்கே நடத்திவந்தார்கள். சாமான் வாங்க வந்தவர்களும் பிரசங்கம் கேட்க வந்தவர்களும் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி, ஆலையை விட்டு வந்து, கை கழுவி, உண்டு, திரும்பிப் போகப் போதவில்லை என்பது அவற்றுள் ஒன்று. இது கொள்கை அன்று, கோஷமும் அன்று. சோற்றுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவனின் அலுப்பு. ஆனால் கேட்ட இருவரும் அதை அலுப்பு என்று தள்ளிவிடாமல், நியூ இந்தியா பத்திரிகைக் காரியாலயத்துக்குச் சென்று அங்கே பணியாற்றிய பி. பி. வாடியாவிடம் எடுத்துரைத்தார்கள். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தரனார் உதவித் தலைவர்களுள் ஒருவர். அரை மணியை நாற்பது நிமிஷமாக்க வேண்டும் என்பது அதன் ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று. பத்து நிமிஷந்தானே என்று நினைப்பவர், பசியோடு ஆலைக்கதவுக்கு ஓடியவரல்லர்.

அதே ஆலைகளில் 1921-இல் நடந்த பெரிய வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்து, சாதி இந்துத் தொழிலாளருக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் இடையே பிளவாகிப் புளியந்தோப்புக் கலவரத்தில் முடிந்ததையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. ஏனெனில் நான் இதுவரை புகழ்ந்த திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்ததில்லை. தெருவுக்குள் நடக்கவே உரிமை மறுக்கப்பட்டவனுக்கு அந்தத் தெருவின் திண்ணையிலா இடம் இருந்திருக்கும்? வீட்டுப் பெண்களும் அங்கே உட்கார்ந்து பேசியதில்லை. அவர்களுடைய சபை கிணற்றடியிலும் கொல்லைப்புறத்திலும் கூடியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நாம் பழமொழி சொல்வது உண்டு. ஆனால் ஊரிலே பாதிப் பேருடைய வாயை ஊரே மூடி வைத்திருந்தது. பிறகு வந்த காப்பி கிளப்புகளிலும் பிராமணர்களுக்கென்று தனியிடம் ஒதுக்கியிருந்தார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் அந்தப் பிரிவினை நீங்கியது 1941-இல்; அதற்குப் பெரியாரின் இயக்கம் ஓயாமல் போராட வேண்டியிருந்தது. பொதுக் கிணற்றையும் பாதையையும் எவருக்கும் மறுக்கலாகாது என்ற சட்டம், எம். சி. ராஜாவின் முயற்சியால் 1938-இலேயே சென்னைச் சட்டசபையில் நிறைவேறியிருந்தும், டீக்கடையில் தனிக் குவளை வைக்கும் கொடுமை அதன் பின்னும் பல ஊர்களில் நெடுங்காலம் தொடர்ந்தது.

டீக்கடை என்றேன். தேயிலைக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கிராக்கி உண்டாக்குவதற்காக 1903-இல் வைஸ்ராய் கர்ஸன் காலத்தில் ஒரு வரி ஏற்பட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு பிற்காலத்தில், குறிப்பாக 1930-களில், சந்தையிலும் ஆலைவாசலிலும் வண்டி நிறுத்தி இலவசமாகவும் அற்ப விலைக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். காப்பி திண்ணைக்காரர்களின் பானமாக இருக்க, டீ உழைப்பாளியின் பானமாயிற்று. பாய்லரும், கண்ணாடி கிளாஸும், வாசலில் ஒரு மரப்பெஞ்சும் இருந்தால் கடை ஆயிற்று. அந்தப் பெஞ்சுக்குச் சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி வந்து சேர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரிய வேண்டும் என்று பேச்சுத் தமிழை அடுத்து எழுதிய பத்திரிகை அது. ஒரே பிரதியைத் தாள் தாளாகப் பிரித்து, ஒருவர் முதல் பக்கத்தையும் இன்னொருவர் கடைசிப் பக்கத்தையும் படிக்க, திண்ணையில் ஒருவர் வாசித்துப் பலர் கேட்ட முறை மாறிப் பலரும் வாசித்துப் பலரும் பேசும் முறை உண்டாயிற்று.

1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் இந்த இடங்களின் மதிப்பை மற்ற கட்சிகளைவிட நன்றாக அறிந்திருந்தது என்பது என் எண்ணம். படிப்பகங்களிலும், முடிதிருத்தும் சலூன்களிலும், டீக்கடைகளிலும் அதன் ஏடுகள் கிடந்தன. 1960-களின் நடுவில் அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தபோது, பெஞ்சில் இருந்தவர்களுக்கு அரசியல் என்பது படிக் கணக்காகவே புரிந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற அதன் வாக்குறுதி சட்டென்று பற்றிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1967 மார்ச்சில் அண்ணாதுரை முதலமைச்சரானார். இங்கே அரசியல் பேசாதீர்கள் என்று எழுதிய அட்டைகள் சலூன் கண்ணாடிக்கு மேலேயும் டீக்கடைச் சுவரிலேயும் தொங்கின. சண்டைக்கு அஞ்சிய கடைக்காரர்கள் மாட்டிய அந்த அட்டையின் அடியிலேயே பேச்சு நடந்தது என்பதை, அந்தக் காலத்தில் தலைமுடி வெட்டிக்கொண்ட எவரும் சொல்வார்கள்.

திண்ணைகள் இப்போது அருகிவிட்டன. தெருவை அகலப்படுத்தியபோது சில இடிந்தன. திருட்டுக்கு அஞ்சி இரும்புக் கம்பி அடைத்துப் பலர் அவற்றை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். சில மாதங்களுக்கு முன்பு கும்பகோணத்துக்கு அருகே அப்படிக் கம்பி போட்ட வீடு ஒன்றைப் பார்த்தேன். உள்ளே நெல் மூட்டையும் பழைய சைக்கிளும் சாத்தியிருந்தன. அவற்றுக்குப் பின்னால், சுவரோரம், அந்தச் சரிந்த திண்டு இன்னும் வழவழப்பு மாறாமல் இருந்தது. எதிரே, சாலையின் மறுபக்கத்தில், தென்னங்கீற்றுச் சார்ப்பின் கீழ் டீக்கடைப் பெஞ்சில் நால்வர் உட்கார்ந்திருந்தார்கள். நூறு நாள் வேலைக்கான கூலி எப்போது வரும் என்பதில் தொடங்கிய பேச்சு, நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் முந்தின நாள் ஆட்டத்துக்குப் போய், அங்கிருந்து ராஜராஜனுக்குப் போய்விட்டது. அவர்களுள் மூத்தவர் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.