கற்பிட்டியின் புளூட்டாக்கும் ஆகுபெயரும்

க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் பயிலும் தமிழ்ப் பிள்ளைகளைப் பெரிதும் வதைப்பவை மெற்றோனிமி, சினெக்டகி என்னும் இரண்டு சொற்கள். வரைவிலக்கணத்தை மனனஞ் செய்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தம் வாயில் நாளும் புழங்கும் ஒன்றையே அந்நியப் பொருளாக எண்ணிப் பயப்படுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

"உச்சமுனை இன்று கடலுக்குப் போகவில்லை" என்று கற்பிட்டிக் கரையில் ஒருவர் சொன்னால் எவரும் மலைப்பதில்லை. கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் மணல்நிலம் எங்கே போகும்? அங்கு வாழும் மீனவர் போகவில்லை என்பதே பொருள். இது இடவாகுபெயர், ஆங்கிலேயருக்கு மெற்றோனிமி. "தலைக்கு நூறு ரூபா" என்கையில் உறுப்பு முழு மனிதனைக் குறிக்கிறது. இது சினையாகுபெயர், அவர்களுக்குச் சினெக்டகி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இவற்றையெல்லாம் வகுத்து வைத்துவிட்டார்.

கற்பிட்டி என்றதும் அம்மண்ணில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி நினைவுக்கு வருகிறார். 1834இல் இலங்கை பற்றிய கசற்றியரை வெளியிட்டவர். சட்டநிரூபண சபையிலும் இருந்தவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டபோது அதற்கு அவர் இட்ட பெயர் 'தமிழ் புளூட்டாக்'. கிரேக்க நாட்டு வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டாக்கின் பெயர் நூலுக்கு ஆகி வந்தது. "திருவள்ளுவர் படித்தேன்" என்பதுபோல இதுவும் கருத்தாவாகுபெயரே! அதனை அடியொற்றி ஆ. சதாசிவம்பிள்ளை 1886இல் தமிழில் 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார்.

ஆசிரியர்கள் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் உவமையும் மெற்றோனிமியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. தமிழிலோ ஆகுபெயர் சொல்லிலக்கணத்தில் இருக்கிறது, அணிகள் வேறிடத்தில். தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளுள் ஆகுபெயரைத் தேடினாற் கிடைக்காது. அந்நூலுக்கு மூலம் தண்டியின் வடமொழிக் காவியாதர்சம். அதே மூலத்தைத் தழுவித் தமிழுக்கு முன்னரே சிங்களத்தில் 'சியபஸ்லகர' எழுந்தது. இருமொழியும் கலந்து பேசும் புத்தளத்தில் இதனைச் சிங்களப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லலாம்.

எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்றும் கொள்ளற்க. 'ரைம்' என்பதற்கு எதுகை என்று எழுதிக்கொடுக்கிறார்கள். எதுகை அடிகளின் அல்லது சீர்களின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ஆங்கிலப் பாட்டில் ஒலி ஒன்றுவது பெரும்பாலும் அடியின் ஈற்றில். அதற்கு நெருங்கியது இயைபு.