இப்னு சீனாவும் குந்துருக்கமும்

ஓமானின் ளுஃபார் மலைச்சாரல்களிலும் யமனின் ஹளரமௌத்திலும் வளரும் ஒரு குறுமரத்தின் பட்டையைச் சீவினால், பால்போல் கசிந்து சில நாள்களில் இறுகும் பிசினே குந்துருக்கம். அரபியர் அதனை 'லுபான்' என்றும், மருத்துவ நூலோர் 'குந்துர்' என்றும் வழங்கினர். நம் வீடுகளில் புகையும் சாம்பிராணி பெரும்பாலும் இதுவன்று. அது சுமத்ராவின் வேறொரு மரப்பிசின். 'லுபான் ஜாவீ' என்று அரபியர் அதனைப் பிரித்தே அழைத்தனர்.

இப்னு சீனா குந்துருக்கத்தால் புற்றுநோயைப் போக்கினார் என்னும் கூற்று அண்மைக் காலமாகப் பரவலாக எடுத்தாளப்படுகிறது. அதனை நம்பி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடுவோர் இருக்கக்கூடுமாதலால், மூலநூலைப் பார்ப்பது கடமையாகிறது.

ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த அவ்வறிஞரின் 'அல்-கானூன் ஃபித் திப்' என்னும் பெருநூலின் இரண்டாம் பாகம் தனிமருந்துகளைப் பேசுகிறது. குந்துர் புதுக்காயங்களை ஆற்றும். தீய புண்கள் பரவாமல் தடுக்கும். மிகுதியாக உட்கொண்டால் தலைவலி தரும் என்கிறார் அவர். மார்பகத்தில் அதனை ரோஜா எண்ணெய் முதலியவற்றோடு சேர்த்துப் பூசவும் சொல்கிறார். ஆயின் அங்கே குறிக்கப்படுவது மகப்பேற்றை அடுத்துப் பெண்களுக்கு உண்டாகும் சூட்டு வீக்கம். அவர் ஆளும் 'வரம்' என்ற சொல் (பன்மை: அவ்ராம்) எல்லா வீக்கங்களுக்கும் பொது. புற்றுநோய்க்கோ 'ஸரதான்', அதாவது நண்டு என்ற தனிச்சொல் அவரிடம் இருந்தது. அது சிறிதாயிருக்கும்போதே சுற்றுப்பகுதியோடு வேரற அறுத்தெடுப்பதையே அதற்கு வழியாகக் காட்டினார். வீக்கத்தைக் கட்டியெனப் பெயர்த்து, கட்டியைப் புற்றென வாசித்ததில்தான் பிழை நேர்ந்தது என்று தோன்றுகிறது.

எனினும் இப்பிசினில் பொருளில்லாமலில்லை. இதன் போஸ்வெல்லிக் அமிலங்கள் அழற்சிக்குக் காரணமான 5-லிபாக்சிஜினேஸ் என்னும் நொதியைத் தடுப்பதை 1990களில் ஜெர்மானிய ஆய்வாளர் காட்டினர். குந்துருக்க எண்ணெய் சிறுநீர்ப்பைப் புற்றணுக்களை அழிப்பதாக 2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களில் கண்டது, நோயாளரிடத்தில் அன்று. மனிதரிடத்தில் செய்த ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, 2011இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்ற 44 பேரில் ஒரு பகுதியினருக்கு இந்தியக் குந்துருக்கச் சாறு நாள்தோறும் 4200 மில்லிகிராம் தரப்பட்டது. மூளை வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் தணிந்தோர் அவர்களுள் 60 விழுக்காடு; வெற்று மாத்திரை பெற்றோருள் 26 விழுக்காடு. அங்கும் தணிந்ததாகக் காட்டப்பட்டது இப்னு சீனா சொன்ன 'வரம்', 'ஸரதான்' அன்று.